கை சுருங்கலாம், கால் தயங்க வேண்டாம்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து பிரியும் வடகால், தென்கால் பாசனத்தில் கடைமடை விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் ஒரே கவலை. பிசானம் பெரும்பாலும் கைகொடுத்துவிடும். காருக்குத் தண்ணீர் வருமா? பாபநாசம் அணையில் நீர் குறைந்த ஆண்டில் கார் கிடையாது. அந்த ஆண்டு வீட்டுக்குள் சிக்கனம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வயிறு அதைப் பொறுத்துக்கொள்ளும். மீன் வாங்கும் நாளில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் போயிற்று. நோவது மனசுதான். கோயில் கொடைக்கு வரி கேட்டு வருபவர்களிடம், ‘அடுத்த வாரம் தாரேன்’ என்று சொல்லும்போது நாக்கு கூசும். பங்காளி வீட்டுக் கல்யாணம் வரும். போன முறை அவர்கள் எழுதிய மொய் 1,000 ரூபாய். இப்போது கையில் இருப்பது 200. சிலர் கம்மலை அடகு வைத்து மொய் எழுதுகிறார்கள். சிலர் ‘உடம்புக்கு முடியல’ என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இதே ஸ்ரீவைகுண்டத்தில் 1924-ம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த இரா.நல்லகண்ணு. 80-வது பிறந்தநாளில் கட்சி திரட்டிக் கொடுத்த 1 கோடி ரூபாயைக் கட்சிக்கே திருப்பிக் கொடுத்தவர். 2022 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்குத் ‘தகைசால் தமிழர்’ விருதும் 10 லட்சம் ரூபாயும் வழங்கியது. அதோடு சொந்தப் பணம் 5,000 ரூபாயைச் சேர்த்து முதலமைச்சரின் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். 10 லட்சத்துக்குப் பக்கத்தில் 5,000 சின்னத் தொகைதான். ஆனால், பலருடைய மனதில் நிற்பது அந்த 5,000 ரூபாய்தான்.

அவருடையது தானாகத் தேர்ந்துகொண்ட எளிமை. கடைமடை விவசாயியுடையது தண்ணீர் வராததால் வந்த நெருக்கடி. இரண்டும் ஒன்றல்ல. கார் பொய்த்தவரிடம் போய் ‘போதும் என்ற மனம்’ பற்றிப் பேசினால் எரிச்சல்தான் வரும். ஆனால், கொடுப்பதை அவரவர் கையிருப்புதான் முடிவு செய்ய வேண்டும், எதிர்வீட்டு மொய் அல்ல என்பது இருவருக்கும் பொருந்தும்.

வீட்டுக்குள்ளும் ஒளிக்கக் கூடாது. ‘இந்த வருசம் கார் இல்லப்பா, தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு துணிதான்’ என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் மறைத்தால், அப்பாவுக்குத் தன்மேல் பிரியமில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்த வருத்தம் அடுத்த அறுவடையிலும் தீராது.

200 ரூபாயை எழுதிவிட்டு, பந்தியில் இலை போட்டு, சாம்பார் வாளியைத் தூக்குகிறவரை, மொய் நோட்டைப் பார்த்து எடைபோட மாட்டார்கள். மொய்ப் பாக்கியை அடுத்த கார் விளைந்ததும் தீர்த்துக்கொள்ளலாம். போகாமல் விட்ட கல்யாணத்துக்கு மறுபடி போக முடியாது.