வாராதவரைத் தேடும் அலுவலகம்

பட்டமளிப்பு மண்டபத்தை யாவரும் அறிவர். பட்டம் பெற்றவன் மறுநாள் எங்கே போவான் என்று கவலைப்படுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம் உண்டென்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு 1892-இலேயே இதற்கென ஒரு குழு கண்டது. அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், ஃபிராங்க் பார்சன்ஸ் என்பார் 1908-இல் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையமோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததன்று. ஏழை இளைஞர்க்கும் குடியேறி வந்தோர்க்கும் எழுந்தது. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் போர்வீரர்கள் திரளாகக் கல்லூரி புகுந்த பின், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலையில் அமர்த்தும் அலுவலகங்கள் பெருகின. கம்பெனிக்காரர் வருவர், அலுவலகம் நேர்காணலுக்கு நாள் குறித்துக் கொடுக்கும். பின்னர் ஆலோசகர்கள் வந்தனர். நேரம் கேட்டு வரும் மாணவனோடு தனியே அமர்ந்து பேசினர். குறை சொல்லத்தக்க ஏற்பாடன்று. ஆயினும் வந்தவர் யார்? தந்தையோ தமையனோ பட்டதாரியாய் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவைத் தட்டத் தெரிந்திருந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவனோ, அது தனக்குரிய கதவன்று எனக் கருதி ஒதுங்கிப்போவது எளிது.

2008-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாற்றக் குரல் ஓங்கியது. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2009-இல் ஆண்டி சான் என்பாரை இத்துறைக்குத் துணைத்தலைவர் என்னும் உயர் பதவியில் அமர்த்தியது. பழைய வேலைவாய்ப்புச் சேவை மடிய வேண்டும் என்றே அவர் பின்னர் மேடையேறிப் பேசினார். மேடைக்கேற்ற தலைப்புத்தான்! ஸ்டான்ஃபோர்டு தன் அலுவலகத்துக்குப் பெயரையே மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகையை மாற்ற ஒரு தச்சன் போதும். பதவியை உயர்த்தியதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். கட்டடத்தின் மூலையில் கிடக்கும் அலுவலகத்தின் தலைவர் அழைத்தால் எந்தப் பேராசிரியர் வருவார்?

கடினமான பகுதி உள்ளே இருக்கிறது. இருபதாண்டுகள் தனியறையில் மாணவரின் கவலை கேட்டுப் பழகிய ஆலோசகரிடம், இனி வகுப்புகளுக்குச் சென்று ஐம்பது பேரிடம் பேசுக என்றால் அவர் தயங்குவார். அதைச் சோம்பல் என்பார் அவரை அறியார். தம் திறமை எதுவோ அதுவே வேண்டாமென்று தள்ளப்படுவதாக அவருக்குத் தோன்றும். புதிதாய் வந்த தலைவர் முதலில் அவரிடம் மஷ்வரா கேட்க வேண்டும். இச்சொல்லின் வேரோடு, தேனடையிலிருந்து தேன் எடுத்தல் என்னும் பொருளையும் அரபு அகராதிகள் சேர்த்துரைக்கின்றன. எந்த மாணவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்பது அந்த ஆலோசகருக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது.

அடுத்தது கணக்கு. எத்தனை பேர் வந்து ஆலோசனை பெற்றனர் என்று எண்ணும் வரையில், வருகிறவர்களே திரும்பத் திரும்ப வந்து எண்ணிக்கையை நிரப்புவர். பட்டம் பெற்று ஆறு திங்களில் யார் வேலையில், யார் மேற்படிப்பில் என்று விசாரிப்பதும் அங்கு வழக்கமே. குறைந்தது 65 விழுக்காட்டினரின் நிலையாவது தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு அலுவலகங்களின் சங்கம் வகுத்த அளவு. அளவு நிறைந்ததென்று ஏட்டை மூடிவிடலாம். மாற்றத்தை நடத்த வந்தவரோ எஞ்சிய 35 விழுக்காட்டினரின் பெயர்ப்பட்டியலைக் கேட்பார்; அவர்களுள் எத்தனை பேர் ஒருநாளேனும் இந்த வாசலை மிதித்தனர் என்று பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டச் சொல்வார்.