தில்லை வழியில் ஈழத்து உறவுகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்வோருக்குக் கடற்கரையை ஒட்டிய நேர்வழி ஒன்று இருக்க, குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று மேற்கே வளைந்து செல்லும் நெடுவழியை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. கடலுக்கு அப்பால் இலங்கைத் தீவில் ராஜ்ஜியம் நிலைகுலைந்தபோதெல்லாம் அங்கிருந்து புறப்பட்ட மனிதர்கள் இந்த ஜில்லாவில் விட்டுச் சென்றவற்றையும், போக இடமின்றி இங்கேயே தங்கிவிட்டவர்களையும், அவ்வழியே சென்றால் ஒரே பிரயாணத்தில் காணலாம்.

நான் புறப்பட்டது ஆடி மாதம். 1983ஆம் ஆண்டு இதே ஆடியில்தான் கொழும்பு நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. அந்தத் தீ ஒரே நாளில் மூண்டதன்று. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டதும், 1958இல் கலவரம் வெடித்ததும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து சாம்பலானதும் அதற்கு முன்னோடிகள். 1983க்குப் பின் வள்ளங்களில் ஏறி இராமேசுவரக் கரையை அடைந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு, தமிழகமெங்கும் பிரித்தனுப்பப்பட்டவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒரு பகுதியினர் இந்த ஜில்லாவில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

கடலூரை விட்டு நீங்குமுன் மஞ்சக்குப்பத்தில் சற்றே நின்றேன். 1869இல் இங்கிருந்த நீதிமன்றத்தில்தான் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் ஆலய விவகாரம் ஒன்றையொட்டித் தொடுத்த வழக்கு விசாரிக்கப்பட்டது; எதிர்வழக்காடிகளுள் ஒருவராக நின்றவர் வடலூர் இராமலிங்க அடிகள். அவ்விரு பெரியோரின் கருத்து வேற்றுமையை இங்கே நான் ஆராயப் புகவில்லை. ஆனால், கடல் கடந்து வந்த ஒருவர் இந்த மண்ணின் ஆலய விவகாரத்தில் உரிமையோடு தலையிடவும் நீதிமன்றப் படியேறவும் முடிந்த காலம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டேன்.

குறிஞ்சிப்பாடியில் பேருந்துக்காகக் காத்திருந்த வேளையில், மருந்துச் சீட்டும் அடையாள அட்டையும் வைத்த பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவரோடு பேச நேர்ந்தது. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர். மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து வந்தவர்.

“எப்போது வந்தீர்கள், அம்மா?” என்று கேட்டேன்.

“தொண்ணூறாம் ஆண்டு, ஐயா. சண்டை துவங்கினவுடன வள்ளத்தில வந்தம். கடைக்குட்டி அப்ப கைக்குழந்தை.”

“இப்போது அங்கே சண்டை இல்லையே. திரும்பிப் போகும் எண்ணம் உண்டா?”

“ஆரிட்டப் போறது, ஐயா? வீடும் இல்லை, காணியும் இல்லை. பேரப்பிள்ளையள் இங்கதான் பிறந்ததுகள், இங்கதான் படிக்குதுகள். அதுகளுக்கு இதுதானே ஊர்.”

மூத்த பேரன் என்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறான் என்று, குறைகூறும் தொனி சிறிதுமின்றிச் சொன்னார். மறுநாள் முகாமில் செக்கிங். அந்நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் பதிவு போய்விடும் என்ற கவலையே அவருக்குப் பெரிதாக இருந்தது. பேருந்து வந்ததும் அந்த உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “போயிட்டு வாறன், ஐயா” என்று விடைபெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே ஊரில் வாழும் மூதாட்டி, தாம் அங்கே இருப்பதை இன்னமும் அதிகாரிகளுக்கு நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது என் நெஞ்சை வெகுநேரம் வருத்தியது.

அங்கிருந்து சிறிது தொலைவில் வடலூர். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் இராமலிங்க அடிகள் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து, பசித்து வந்தவர் எந்தத் தேசத்தவர், எந்தச் சாதியினர் என்று வினவாமல் அன்னம் அளித்து வருகிறது. அதைக் கண்டபோது அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி, அரிசிக்கும் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்று தவித்து, ஜூலை 9ஆம் நாள் ஜனாதிபதி மாளிகைக்குள் பெருங்கூட்டம் புகுந்து, அப்போதைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்த அந்த ஆண்டில், தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முன்வந்து, முதற்கப்பலை மே 18ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து வழியனுப்பியது. தமிழர் மட்டுமல்லாது சிங்களரும் முஸ்லிம்களும் அந்த அரிசியை உண்டனர். வடலூர் அடுப்பின் தர்மம் ஓர் அரசாங்கத்தின் செயலாகவும் ஆகக்கூடும் என்பதை அன்று கண்டோம்.

புவனகிரியில் வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. ஆலயத்துக்குச் செல்லுமுன் ஞானப்பிரகாசர் குளத்தைப் பார்க்கப் போனேன். போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஆண்ட 17ஆம் நூற்றாண்டில், வீட்டுக்கு வீடு முறைவைத்து அதிகாரியின் உணவுக்குப் பசு கொடுக்க வேண்டும் என்ற கட்டளை பிறக்க, தம் முறை வருமுன் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கிய யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர், வடதேசம் சென்று சாஸ்திரம் கற்று, துறவு பூண்டு, தில்லையில் தங்கி இக்குளத்தை அகழ்வித்தார் என்பர். கொடுங்கோலுக்கு அஞ்சி ஓடிவந்தவர் ஊருக்கு நீர்நிலை தந்தார். சிவஞானசித்தியாருக்கு உரையும் தந்தார். அவருக்குப் பின் வந்த நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை இந்நகரில் நிறுவினார். அக்காலத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், இங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1931இல், அங்கே தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார்.

இவர்களுக்கெல்லாம் இடங்கொடுத்ததனால் சிதம்பரம் எதையும் இழக்கவில்லை, பெற்றதே மிகுதி. குறிஞ்சிப்பாடியில் நான் கண்ட மூதாட்டியின் பேரனும் அந்தத் தீவிலிருந்து வந்த குலத்தவன்தான். அவன் கற்ற கல்வி இந்த நாட்டுக்குப் பயன்படாமல் போவதற்குச் சட்டத்தைத் தவிர வேறு தடையில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை; அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இருத்தலும் வேண்டும். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தமோ பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தோரை மட்டுமே கருதி, இலங்கையிலிருந்து வந்தோரை விட்டுவிட்டது. தமிழக அரசு 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் சூட்டிப் புதிய வீடுகளும் கட்டித்தர முற்பட்டது போற்றத்தக்கது. ஆயினும் குடியுரிமை வழங்கும் அதிகாரம் தில்லி அரசிடமே உள்ளது. இங்கே பிறந்து, இங்கே கற்று, இங்கேயே உழைத்து வாழ விரும்பும் அந்தப் பிள்ளைகளை இந்நாட்டின் பிரஜைகளாக ஏற்கும் சட்டத்தை மத்திய அரசு இனியும் தாமதியாமல் இயற்ற வேண்டும். அதை வலியுறுத்திக் கேட்கும் பொறுப்பு, நாவலரையும் விபுலானந்தரையும் நம்மவர் என்று உரிமை பாராட்டும் தமிழர் ஒவ்வொருவருக்கும் உண்டு.