பொங்கலுக்கு முன் ஹால் சுவர்

ஜனவரி 4, 2025, சனி

பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று போன வருஷமே பேசியது. இன்று சோபாவை நகர்த்திய பிறகுதான் வேலை எவ்வளவு என்று தெரிந்தது. முழங்கால் உயரம் வரை வெறும் கிறுக்கல். அதற்கு மேலே, கழுத்தும் உடம்பும் இல்லாமல் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்கள். இடுப்பு உயரத்தில் ஓட்டு வீடு, இரண்டு மலை, நடுவில் சூரியன். கீழிருந்து மேலே பார்த்தால் வயது ஏறுகிறது. சின்னவன் நாலு மூலையிலும் 'க' போட்டு வைத்திருக்கிறான், தேர்தலுக்கு முன்னாலேயே கட்சிக்காரர்கள் சுவர் பிடிக்கிற மாதிரி.

"எல்லாம் அவன்தாம்மா" என்கிறாள் பெரியவள். மலைக்கு அடியில் அவள் பெயர் இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

ஆளைக் கூப்பிடுவானேன் என்று நானே பழைய டப்பாவில் மிச்சமிருந்த எமல்ஷனை எடுத்து அடித்தேன். கிரேயான் கோட்டின் மேல் அது சேப்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு விலகியது. ஸ்கெட்ச் பேனா வேறு விதம்: முதலில் மறைந்தது, சாயங்காலம் ரோஸ் நிறத்தில் ஊறி மேலே வந்தது. போன மாதம் பற்பசையால் தேய்த்த இடம் மட்டும் தனியாகப் பளபளக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

திருவானைக்கோவிலிலிருந்து பெயின்டர் வந்தார். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார்.

"மெழுகும்மா இது. தண்ணிப் பெயின்ட் எங்க ஒட்டும்?"

தகட்டால் சுரண்டி, டர்பன்டைன் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, ஆயில் பிரைமர் ஒரு கோட்டு. பள்ளத்துக்குப் பட்டி. பிறகுதான் எமல்ஷனாம். அடுப்படிப் பக்கத்து நடைக்கும் ஆயில் பிரைமரா என்று கேட்டார். "அங்கே பசங்க கை வைக்கலையே, வாட்டர் பிரைமர் போதும்" என்று இவர் மிச்சம் பிடித்தார்.

ஜனவரி 8, புதன்

தேய்ப்பு. உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். வீடு 2003-இல் கட்டியது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடப்புக்கு வந்ததே 2017 நவம்பரில். அடியில் இருக்கும் பழைய பூச்சில் என்ன கலந்ததோ, அந்தத் தூசியைப் பிள்ளைகள் மூச்சில் ஏற்ற வேண்டாம். பெயின்டர் சிரித்தார், ஆனால் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்.

அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. "எங்க வீட்டுல பசங்க கரித்துண்டால கிறுக்கும். ஈரத்துணியால ஒரு துடை, நீலம் கலந்து ரெண்டு கை சுண்ணாம்பு, முடிஞ்சுது."

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்துக்குள் வண்டி விட மாட்டார்கள், பெயின்டர் வரவில்லை. நேற்று அடித்த பிரைமரின் நெடி. எல்லா ஜன்னலையும் திறந்து போட்டு மாடியில் படுத்தோம்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் ஒரு கோட்டு, நாலு மணி நேரம் விட்டு இன்னொன்று. இளமஞ்சள். ஹால் சுவரில் ஒரு கோடுகூட எட்டிப் பார்க்கவில்லை. நடையிலும் அதே இரண்டு கோட்டு. சின்னவன் தான் வரைந்த பஸ் நின்ற இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். மிச்சம் அரை லிட்டரை ஒரு டப்பாவில் ஊற்றி மூடியில் கலர் நம்பரை எழுதி வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

காலையில் நடையில் விளக்கைப் போட்டால், இளமஞ்சளுக்குள்ளிருந்து ஊதாவாக ஏதோ தெரிகிறது. பிளம்பர் நம்பர். இவர் எப்போதோ போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்பாயின்ட் பேனாவால் சுவரிலேயே குறித்தது. அதற்குக் கீழே பால் கணக்கு, அத்தையின் கையெழுத்தில். வாட்டர் பிரைமரையும் இரண்டு கோட்டையும் தாண்டி ஊறி வந்திருக்கிறது.

"யாரு வேலை இது?" என்றாள் பெரியவள், நான் கேட்கிற அதே குரலில்.

பத்து மணிக்கு மோட்டார் நின்றுபோனது. நாளைக்குப் பொங்கல், தொட்டியில் தண்ணீர் இல்லை. இவர் நடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசி எண் மூன்றா எட்டா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.