தோட்டா பெல்ட்டு

துப்பாக்கிக் கடைக்கு வேலை செய்கிறேன் என்று சொன்னால் நம்ம ஆட்களே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் துப்பாக்கி செய்கிறவன் இல்லை. அதற்கு உறை தைக்கிறவன். இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் தோலுறை, தோளில் மாட்டுகிற வார், இருபத்தைந்து தோட்டா செருகுகிற இடுப்பு பெல்ட்டு. பெரியமேட்டில் சதுர அடிக் கணக்கில் தோல் வாங்கி வந்து திருவொற்றியூரில் வீட்டு முன்னறையிலேயே வெட்டித் தைப்பது. உடனே இது எங்கள் குலத்தொழில் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அப்பா கீழத்தஞ்சையிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் பதினாறு வயதில் பெரியமேட்டுப் பட்டறை ஒன்றில் கூலிக்குப் போய்க் கற்றுக்கொண்டேன்.

கடை பாரிமுனைப் பக்கம். பேர் வேண்டாம். பதினாலு வருஷப் பழக்கம். பாதி வேலை பேங்க் காவலாளிகளுக்கானது. பட்டாளத்திலிருந்து வந்த பெரியவர்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ள கடையிலும் கொடுக்கலாம். அந்த மாசம் பிய்ந்த உறையெல்லாம் என்னிடம் வந்து குவியும். சனங்க ஓட்டுப் போடுகிற காலம்தான் எனக்கு அறுவடை.

முதலாளி கெட்டவர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர்ப் பக்கமெல்லாம் தண்ணியோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததே, அப்போது வீட்டிலிருந்த தோல் அத்தனையும் நாசம். கேட்காமலே பத்தாயிரம் முன்பணம் கொடுத்தார். "மெதுவா கழிச்சுக்கலாம் பா" என்றார். கழிந்துகொண்டுதான் வந்தது.

அவர்தான் போன வருஷம் பன்னிரண்டு பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்து, கூடவே ஒரு பித்தளை அச்சையும் கையில் வைத்தார். ஒரு சாதிப் பட்டம், அதன் கீழே ஒரு சிங்கம். கோயில் திருவிழாவுக்கு ஊரிலிருந்து கேட்கிறார்களாம்.

"இது வேணாம் சார்" என்றேன்.

"ஒரு பட்டம்தானே பா? சட்டையில போட்டுக்கிறான், கார் கண்ணாடியில ஒட்டிக்கிறான். பெல்ட்டுல போட்டா இன்னா? கூலி சேத்து வாங்கிக்கோ."

நான் யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டாரா, பதினாலு வருஷத்தில் மறந்துபோய்க் கேட்டாரா? இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வீட்டில் சம்சாரம் சொன்னாள்: "வாரா சுடப்போவுது? துப்பாக்கிதானே சுடும். நீ தெக்கலன்னா இன்னொருத்தன் தெக்கப் போறான். அவனுக்குப் போற துட்டு நம்ம பொண்ணு காலேஜ் பீஸு யா."

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் தொழில் தெரிந்தவனுக்கு ஒன்று தெரியும். வயலில் பன்றி விரட்டுகிறவனுக்குச் சட்டைப் பையில் இரண்டு தோட்டா போதும். இருபத்தைந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது பன்றி பார்ப்பதற்கு இல்லை. யார் பார்க்க வேண்டும் என்பதைத்தான் அந்த அச்சு சொல்கிறது.

கீழ்வெண்மணி நடந்தபோது அப்பா பொடியன், பக்கத்து ஊர். 1968 டிசம்பர் 25 ராத்திரி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்காததற்கும் மிராசுதார்கள் அடியாட்களோடு துப்பாக்கி கொண்டு வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒண்டியவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பொம்பளைகளும் பிள்ளைகளும். நெருப்பைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அப்பா பேசினது வெடிச்சத்தத்தைப் பற்றி. அது இல்லாவிட்டால் சனம் குடிசைக்குள் போயிருக்காது என்பார். கீழ்க்கோர்ட்டு கொடுத்த பத்து வருஷத் தண்டனையை ரத்து செய்து மிராசுதார்களை விடுதலை செய்த ஐகோர்ட்டு, நான் உறை கொண்டுபோய்க் கொடுக்கிற கடைக்கு நடக்கிற தூரம்.

துப்பாக்கியே கூடாது என்கிற சாமியார்ப் பேச்சு எனக்கில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் போட்ட விதிகளில் மூன்றாவதைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் மற்ற சாதிக்காரர்களின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து அரசு வாங்கி வைக்கலாம். தேவைப்பட்டால் தலித்துக்கும் பழங்குடிக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம். அப்படி லைசென்ஸ் வாங்கின நம்ம ஆள் ஒருத்தர் பெல்ட்டு கேட்டு இந்தப் பதினாலு வருஷத்தில் வரவில்லை. வந்தால் கூலி வாங்காமல் தைப்பேன்.

ஆகவே துப்பாக்கியை விடுவதா என்பது என் கேள்வியாக இருக்கவில்லை. அச்சை மட்டும் மறுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடரலாமா என்பதுதான். முதலில் அப்படித்தான் நினைத்தேன். முதலாளியும், "சரி, அச்சு வேற ஆளு போட்டுக்கட்டும், நீ பெல்ட்டை மட்டும் தெச்சுக் குடு" என்று இறங்கி வந்தார். நான் தைத்த தோலில் இன்னொருத்தன் அந்தப் பட்டத்தை அடிப்பான். கை மட்டும் சுத்தமாக இருக்குமாம்!

முன்பணத்தை நினைத்துத்தான் இரண்டு நாள் தூக்கமில்லை. பண்ணையாள் முறையில் தாத்தா கட்டுண்டது இப்படித்தான். மழைக்காலத்தில் ஆண்டை கொடுத்த கடன் நெல். அதுவும் கருணையாகத்தான் கொடுக்கப்பட்டது. நான் முதலாளியை ஆண்டை என்று சொல்லவில்லை. வாங்கின கடனுக்காக வாய் மூடிக்கொள்ளத் தொடங்கினால் அவர் ஆண்டை ஆகிவிடுவார், அவருக்கே தெரியாமல்.

பேங்க் உறைகள் ஏழு பாக்கி இருந்தன. ராத்திரி உட்கார்ந்து தைத்து முடித்துக் கொண்டுபோனேன். முன்பணத்தில் பாக்கி இரண்டாயிரத்து நானூறு. கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மீதியை எண்ணி வாங்கி, அச்சை மேசை மேல் வைத்தேன்.

"இதுக்குப் போயா?" என்றார்.

"இதுக்குத்தான் சார்."

இப்போது புல்லட் வண்டிகளுக்குப் பக்கப்பை தைக்கிறேன். எங்கள் திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வண்டி. துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்பதுதான் அந்தக் கம்பெனியின் பழைய விளம்பர வாசகம். சம்சாரத்துக்கு இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். வருமானம் முன்பிருந்ததில் முக்கால் பங்கு. காலேஜ் பீசுக்கு அவள் தோட்டை அடகு வைத்திருக்கிறோம்.