பழுதும் பண்பும்

பழந்தமிழரின் யாழ் எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று எவரும் அறியார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் பதவியேற்ற சுவாமி விபுலாநந்தர், சிலப்பதிகாரம் முதலிய நூல்களிற் கிடைத்த குறிப்புகளைக் கணித முறையால் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். நரம்புகளின் முறைமையும் சுரங்களின் அளவும் அந்நூலால் விளக்கம் பெற்றன. ஆயினும் கணக்கால் மீட்க இயலாதது ஒன்றுண்டு. அஃது அக்கருவியின் குரல். ஒரு கருவி மறையும்போது அதன் சுருதிக் கணக்கு ஏட்டில் எஞ்சலாம், ஒலிப்பண்பு எஞ்சுவதில்லை.

பழைய இலத்திரனியல் இசைக்கருவிகளைத் திருத்த முற்படுவோர் இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் நன்று. அமெரிக்கரான றொபேட் மூக் 1964இல் தமது முதல் ஒலித்தொகுப்பியை, அதாவது சிந்தசைசரை, உருவாக்கினார். அவ்வழிவந்த 1970களின், 1980களின் கருவிகள் இன்று நாற்பது ஐம்பது ஆண்டு மூப்பெய்திவிட்டன. அவற்றின் மின்சுற்றை மாற்றி ஒலியைச் செம்மைப்படுத்துவோர் உலகெங்கும் உளர். ஆனால், செம்மை எனப்படுவது யாது? விடை, கருவியில் நாம் காணும் குறை எத்தகையது என்பதைப் பொறுத்தது.

முதலாவது, முதுமையால் நேர்ந்த பழுது. மின்வழங்கற் பகுதியிலுள்ள கொள்ளளவிகள் சிலவற்றின் உள்ளீரம் காலப்போக்கில் உலர்ந்துவிடுகிறது. அப்பொழுது, செக்கனுக்கு 50 முறை மாறும் மின்னோட்டத்தைச் சீராக்குகையில் எஞ்சும் 100 அதிர்வுகளைக் கொண்ட முரற்சி இசையோடு கலக்கிறது. இதனை நீக்குவதற்கு எவரிடமும் தயக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது, அமைப்பிலேயே அமைந்த குறை. இக்கருவிகள் பலவற்றில் 1 உவோற்று கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். இதனைச் செய்யும் திரான்சிற்றரில், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 18 மில்லிஉவோற்று கூடும்போது மின்னோட்டம் இருமடங்காகும். ஆனால் அந்த 18 என்னும் அளவு வெப்பநிலையோடு மாறுவது. வெப்பம் 3 பாகை ஏறினாலே நூற்றுக்கு 1 பங்கு வழு நேரும். ஐந்து ஸ்தாயி இடைவெளியில் அது அரைத்தொனியின் பாதியைக் கடந்துவிடும். 81/80 என்னும் விகிதத்தாற் குறிக்கப்படும் பிரமாண சுருதியினும் அஃது இருமடங்குக்கு மேற்பட்டது. பனி படர்ந்த பேராதனைக் காலையிற் சுருதி கூட்டிய கருவி, நண்பகலில் வேறு சுருதியிற் பேசும். வெப்பத்துக்கேற்பத் தன் அளவை மாற்றும் தடையொன்றை அத்திரான்சிற்றரை ஒட்டி வைப்பின் இவ்வழு பெரிதும் அடங்கும். சுருதியைக் காப்பதால் இதுவும் நல்ல திருத்தமே.

மூன்றாவது வகையிலேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1980 முதல் 1983 வரை செய்த ரீ.ஆர். 808 என்னும் தாளக்கருவியின் தனித்த இரைச்சல், தரக்குறைவென விலக்கப்பட்ட திரான்சிற்றர்களிலிருந்து பெறப்பட்டது. குறைகடத்தி உற்பத்தி செம்மையடைந்து அத்தகைய பழுதான உறுப்புகள் கிடையாமற் போகவே, கருவியின் உற்பத்தியும் நின்றது. அதே நிறுவனத்தின் ரீ.பி. 303, கிற்றார் வாசிப்போருக்குப் பேஸ் கிற்றாரின் துணையை அளிப்பதற்கென எண்ணப்பட்டது. உண்மையான பேஸ் கிற்றார்போல அது ஒலிக்கவில்லை, 1984இல் கைவிடப்பட்டது. ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஆற்றல் அதற்கிருந்தது. பம்பாய்த் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை இசைத்தட்டாக்கியபோது இவ்விரு கருவிகளையும் கையாண்டார். ஐந்தாண்டுகளின் பின் சிக்காகோ இளைஞரும் 303இன் நெளியும் குரலிலிருந்து புதியதோர் இசைவகையைப் படைத்தனர்.

வல்லுநர் ஒருவர் அன்றே முன்வந்து, 808இற்குக் குற்றமற்ற திரான்சிற்றர்களைப் பொருத்தி, 303ஐப் பேஸ் கிற்றார்போல ஒலிக்கச் செய்திருப்பின், மின்னியல் நோக்கில் அவர் பணி குறைகூற இயலாததாயிருக்கும். இசையுலகமோ இரு குரல்களை இழந்திருக்கும். அளவுகருவி காட்டும் வழுவுக்கும் செவி விரும்பும் பண்புக்கும் மின்சுற்றில் தனித்தனி அடையாளமில்லை. இரண்டையும் வேறுபடுத்தப் பொறியியலறிவு மட்டும் போதாது. இசையறிவு மட்டும் போதாது. பேராதனையில் மகாவலியின் ஒரு கரையிற் கலைப்பீடமும் மறுகரையிற் பொறியியற்பீடமும் உள்ளன. இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர் ஆற்றைக் கடந்தே ஆகவேண்டும்.

ஆதலால், திருத்துவோர் முதலிற் கருவியின் இன்றைய ஒலியைப் பதிவுசெய்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் உறுப்பையே மாற்றி, மாற்றுந்தோறும் கேட்டல் வேண்டும். கழற்றிய உறுப்பை எறியாது, அது இருந்த இடத்தைக் குறித்துவைத்தல் வேண்டும். யாழைத் தேடியவருக்கு ஏடுகளே எஞ்சின. இக்கருவிகளோ இன்னும் ஒலிக்கின்றன; பின்வருவோர் அவற்றைக் கேட்டே அறிய வழியுண்டு.