மகுடியில் வந்த ஜேம்ஸ் பாண்ட்

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் யாராவது வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்தால் அன்று தெருவே விழித்திருக்கும். பெரியப்பா வீட்டு முற்றத்தில் பாயை விரித்து, கலர் டிவியை ஸ்டூல் மேல் ஏற்றி, ஒரே ராத்திரியில் மூன்று படம். பாட்டிக்காக முதலில் சாமி படம், அப்புறம் ஒரு புதுப்படம், பாதிப் பேர் தூங்கிப்போன பிறகு மாமா மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் படம். அன்றைக்கு அது ‘ஆக்டோபுஸி’.

மாமாவுக்கு ஜேம்ஸ் பாண்ட் முக்கியமில்லை. “விஜய் அமிர்தராஜ் நடிச்சிருக்கான்டா, நம்ம மெட்ராஸ்காரன்” என்று எங்களை உலுக்கி எழுப்பினார். விம்பிள்டனில் 1973-லும் 1981-லும் கால் இறுதி வரை போன டென்னிஸ் ஆட்டக்காரர். 1981-இல் ஜிம்மி கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டையும் ஜெயித்துவிட்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டதை, வீட்டில் நடந்த இழப்பு போல மாமா சொல்லிக்கொண்டிருப்பார்.

படம் தொடங்கியதுமே குதிரை ஏற்றிச்செல்லும் வண்டிக்குள்ளிருந்து ஒரு குட்டி ஜெட் விமானம் வந்தது. ஏவுகணை துரத்த, ஒரு கொட்டகையின் இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவு மூடுவதற்குள் வெளியே பாய்ந்தது. “எல்லாம் பொம்மை” என்றான் பெரியப்பா மகன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு உதய்ப்பூர். ஏரிக்கரையில் கூடையும் பாம்புமாக உட்கார்ந்து மகுடி ஊதுகிறார் விஜய். ஊதுவது ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கே உரிய அந்த இசை! பாண்டாக நடிக்கும் ரோஜர் மூர் திரும்பிப் பார்க்கிறார். மாமா கைதட்டிய சத்தத்தில் திண்ணையில் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்து ஆட்டோ துரத்தல். ஓட்டுவது விஜய். தொற்றி ஏறும் ரவுடிகளை டென்னிஸ் மட்டையால் விளாசுகிறார். தெருவில் நிற்கும் கூட்டம் மேட்ச் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புகிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாட்டிக்கு மட்டும் சந்தேகம். “அதென்ன ஊரு, ஒருத்தன் ஆணிப்பலகையில படுத்திருக்கான், ஒருத்தன் நெருப்புல நடக்குறான், ஒருத்தன் கத்தியை முழுங்குறான். காய்கறி விக்கிறவன் ஒருத்தனையும் காணோமே?”

பாட்டியின் கேள்விதான் சரியான விமர்சனம் என்பது பல வருஷம் கழித்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. 1983-இல் வந்த பதின்மூன்றாவது பாண்ட் படம். தாஜ்மகாலைக் காட்டிய கையோடு உதய்ப்பூர் வந்துவிடுகிறது. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் கொடுக்கும் பாண்ட், கறிக்குழம்புச் செலவுக்கு ஆச்சு என்கிற மாதிரி ஒன்று சொல்கிறார். அன்று புரியாமல் சிரித்த இடம் இன்று கசக்கிறது. ரோஜர் மூருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. முகம் தெரியும்போது அவர், முதுகு தெரியும்போது வேறு யாரோ. புலியைப் பார்த்து ‘உட்கார்’ என்கிறார், கொடியைப் பிடித்து டார்ஜான் மாதிரி கத்திக்கொண்டு தாவுகிறார். ஒரு வேட்டைக் காட்சிக்கு இருந்திருக்க வேண்டிய பயம் மொத்தமும் அந்த ஒரு கத்தலில் போய்விடுகிறது.

ஆனால் நாங்கள் பொம்மை என்று தள்ளிய அந்தக் குட்டி விமானம் நிஜம். பிடி-5ஜே என்ற ஒற்றை ஆள் ஜெட். வானத்தில் அதை ஓட்டியவர் கார்க்கி ஃபோர்னாஃப் என்ற விமானி. கொட்டகைக்குள் மட்டும் ஒரு பழைய ஜாகுவார் காரின் மேல் கம்பத்தில் விமானத்தைப் பொருத்தி ஓட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வரைகலை கைகொடுக்காத காலம். கம்பியும் காரும் விமானியின் துணிச்சலும்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று அந்தக் காட்சியை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். ஆகாயத்தில் பறந்தது உண்மை. நாங்கள் கைதட்டி நம்பிய நம் நாட்டுத் தெருதான் ஜோடனை.

கடைசியில் சர்க்கஸ் கோமாளி வேஷத்தில், அணுகுண்டு வெடிக்கப் போகிறது என்று பாண்ட் கெஞ்சுகிறார். யாரும் நம்பவில்லை. சாயம் பூசிய அந்த முகத்தில் அன்றும் இன்றும் எனக்கு நிஜமான பதற்றம் தெரிகிறது. படத்தில் மூர் நன்றாக நடித்த இடம் அதுதான்.

அதற்கெல்லாம் முன்பே விஜய் செத்துப்போகிறார். யோ-யோ மாதிரி ஏறி இறங்கும் ரம்பச் சக்கரத்தால், ஏரிக்கரையில். மட்டையைச் சுழற்றி எங்களைச் சிரிக்க வைத்தவர். பெரியப்பா மகன் ஓவென்று அழுதான், என்னாலும் முடியவில்லை. “படம்டா, அவரு நிஜத்துல நல்லா ஆடிக்கிட்டு இருக்காரு” என்று மாமா சொல்லிப் பார்த்தார். நாங்கள் நம்பவில்லை. படம் முடிந்ததும் அவர் எழுந்துபோய் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். கோடு கோடாகப் படம் திரும்பி ஓடி, ஆட்டோவில் வந்து நின்றது. விஜய் மட்டையை வீசினார், கூட்டம் தலையைத் திருப்பியது. அந்த இடத்தில் டிவியை அணைத்துவிட்டு, “இப்பத் தூங்குங்க” என்றார் மாமா.