சம்பளம் குறையவில்லை, தேதிதான் மாறியிருக்கிறது!

அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீகுக்கு மார்ச் மாதத்தின் நடுவில்தான் புத்தாண்டு பிறக்கிறது. அங்கே நியூயார்க்கில் மாலை 4 மணி, நமக்கு நள்ளிரவு 1.30. அந்த நிமிடத்துக்குள் 32 அணிகளும் தங்கள் வீரர்களின் சம்பளக் கணக்கை உச்சவரம்புக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அதனால் அந்த வாரம் முழுக்க டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்: ‘ரீஸ்ட்ரக்சர்’.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியைத் தேடாதீர்கள். இது ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால். ஆட்டத்தின் விதிகள் எனக்கே இன்னும் பாதிதான் புரியும். ஆனால், சம்பளக் கணக்கு பிடித்துக்கொண்டது. காரணம், அந்தச் சொல்.

டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘ரீஸ்ட்ரக்சரிங்’ என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. திங்கட்கிழமை நாங்கள் நான்கு பேர் அங்கே இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும், யாருக்கோ வேலை போகிறது என்றுதான் மனசு படிக்கும். என்.எஃப்.எல்-லிலோ, ரீஸ்ட்ரக்சர் செய்யப்பட்ட வீரரின் கணக்குக்குக் கோடிக்கணக்கில் பணம் போகிறது. எப்படி?

முதலில் அந்த உச்சவரம்பு. ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளுக்கு பர்ஸ் இருக்கிறது அல்லவா, 2025-க்கு 120 கோடி ரூபாய் என்று? அதுபோல ஒன்றுதான் இந்த சேலரி கேப். 1994-ல் 3.46 கோடி டாலரில் ஆரம்பித்தது, 2025-ல் 27.92 கோடி டாலர். இதைத் தாண்டவே முடியாது. ஆனால், ஓர் ஓட்டை உண்டு. சம்பளம் கொடுக்கிற ஆண்டின் கணக்கில் முழுசாக ஏறும். ‘சைனிங் போனஸ்’ என்று கொடுத்தால், ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் சமமாகப் பிரித்து எழுதலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்.

பேட்ரிக் மஹோம்ஸை எடுத்துக்கொள்வோம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். 2020-ல் அவருடைய ஒப்பந்தத்தை 10 ஆண்டுகளுக்கு, 45 கோடி டாலருக்கு நீட்டித்தார்கள். அடுத்த மார்ச்சிலேயே அவருக்குச் சேர வேண்டிய சுமார் 2.17 கோடி டாலரை சைனிங் போனஸாக மாற்றினார்கள். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 43 லட்சம் சொச்சம். அந்த ஆண்டுக் கணக்கில் ஒரே கையெழுத்தில் சுமார் 1.7 கோடி டாலர் இடம் கிடைத்துவிட்டது. மஹோம்ஸுக்கு ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. இன்னும் சொல்லப்போனால், இந்த மாதிரி மாற்றத்துக்கு வீரரிடம் கேட்கவே வேண்டாம் என்ற ஷரத்து பல ஒப்பந்தங்களில் முன்கூட்டியே இருக்கும். பணம் முன்னாலேயே வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்!

இதை அப்பாவிடம் விளக்கினேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “கார்டுல போன் வாங்கி இ.எம்.ஐ-யா மாத்துற மாதிரிதானே? கடைக்காரனுக்கு முழுப் பணமும் போயிடுது. கட்டுறவனுக்குத்தான் மாசாமாசம்” என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியதை இரண்டு வரியில் முடித்துவிட்டார். பிறகு, “போன் தொலைஞ்சு போனா?” என்று கேட்டார்.

அதுதான் விஷயமே. வீரரை அணி விடுவித்தாலோ, அவர் ஓய்வு பெற்றாலோ, இன்னும் கணக்கில் எழுதாத தவணைகள் மொத்தமாக வந்து விழும். அங்கே இதற்குப் பெயர் ‘டெட் மணி’. செத்த பணம். களத்தில் இல்லாத ஆளுக்காகக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பணம்.

டாம் பிரேடி 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு டாம்பா பே அணியின் கணக்கில் அவர் பெயரில் சுமார் 3.5 கோடி டாலர் இருந்தது. அப்போதைய உச்சவரம்பு 22.48 கோடி. ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு! எங்கிருந்து வந்தது? 2021-ல் சாம்பியன் ஆன கையோடு, அதே அணியை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினார்கள். பிரேடியின் ஒப்பந்தத்தில் அவர் ஆடப்போவதே இல்லாத ஆண்டுகளையும் சேர்த்தார்கள். தவணையைப் பிரிக்க மட்டுமே பயன்படும் வெற்று ஆண்டுகள். அதில் சுமார் 1.9 கோடி டாலர் இடம் கிடைக்க, தொடக்க வரிசையின் 22 பேரும் திரும்பி வந்தார்கள். இது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 3.5 கோடி பாரத்தைச் சுமந்துகொண்டே 2023-ல் அந்த அணி பிளே-ஆஃபுக்கும் போனது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வண்டியே ஓடுகிறது. சம்பளம் ஏறிக்கொண்டே போனால் பழைய இ.எம்.ஐ. சின்னதாகத் தெரியும் இல்லையா? ஆனால் 2021-ல், கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்ததால், உச்சவரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது. தவணைகளைத் தள்ளித் தள்ளியே பழகிய நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், வரம்பைவிட சுமார் 10 கோடி டாலர் மேலே நின்றது.

அந்த நேரத்தில்தான் ட்ரூ ப்ரீஸ் செய்தி வந்தது. 2.5 கோடி டாலர் சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக்கொண்டார்! ‘அணிக்காகத் தியாகம்’ என்று தலைப்பு வைக்கக் கை பரபரக்கும். ஆனால், அடுத்த மாதமே அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். ஆடாத ஆண்டுக்கு அந்தச் சம்பளம் எப்படியும் வந்திருக்காது. சம்பளத்தைக் குறைத்ததால் ஜூன் 1 வரை அவர் பெயரைக் கணக்கில் வைத்திருக்க முடிந்தது. அந்தத் தேதியைத் தாண்டினால் செத்த பணத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால், 2.4 கோடி டாலரை அவர் விட்டுக்கொடுத்தார் என்பது வேறு கதை.

ப்ரீஸ் போன பிறகு, 2021 முதல் 2024 வரை நான்கு சீசன்களில் செயின்ட்ஸ் ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் தவணையைத் தள்ளும் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. “கடனைக் கட்டுறதில்லம்மா இது. கடனுக்குத் தேதி மாத்துறது” என்றார் அப்பா.

ஆனால், எனக்கு உறுத்துவது அணிகளின் கணக்கு அல்ல. ஒருவரை எத்தனை முறை ரீஸ்ட்ரக்சர் செய்கிறார்களோ, அந்த அளவுக்கு அவர் பெயரில் தவணை மீதி ஏறும். அவரை வெளியே அனுப்புவதும் அந்த அளவுக்குக் கடினமாகும். அதாவது நட்சத்திரத்துக்குப் பணமும் முன்னாலேயே வருகிறது, நாற்காலியும் உறுதியாகிறது. நடுத்தரச் சம்பளம் வாங்கும் 28, 29 வயது வீரருக்குப் பிரிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை, வெளியே அனுப்பினால் செத்த பணமும் அதிகமில்லை. இந்த லீகில் பெரும்பாலான சம்பளத்துக்கு முழு உத்தரவாதமும் கிடையாது. ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கையே சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் என்கிறது வீரர்கள் சங்கம். வரம்புக்குள் வர இன்னும் 20 லட்சம் டாலர் குறைக்க வேண்டுமென்றால் யாருக்கு போன் போகும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இப்போதெல்லாம் ரீஸ்ட்ரக்சர் செய்தி ஒன்று வந்தால், தலைப்பு வைப்பதற்கு முன்னால் அதே அணி அன்றைக்கு யாரை விடுவித்தது என்று கீழே ஸ்க்ரோல் செய்து பார்க்கிறேன். பெரும்பாலும் ஒருவராவது இருப்பார். பெயர், வயது, எந்த இடத்தில் ஆடினார். இரண்டு வரி.